சிம்பொனிக்கு ஏறிய வெள்ளைக் கொடிகள்

கல்முனைக்குடி
ஞாயிறு

அன்பு மகள் ஹிமாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க எங்கள் துஆ. நேற்று லுஹர் தொழுகைக்குப் பிறகு, நீண்ட ஆலோசனையின் முடிவில், முன் அறைத் தொலைக்காட்சியை ஜன்னல் பக்கம் நகர்த்துவதென்று இந்த வீட்டில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருவன். உன் பல்கலைக்கழகக் கச்சேரியின் நேரடி ஒளிபரப்பு ஜன்னலோரத்தில்தான் தடைப்படாமல் வந்தது.

உம்மா குசினி அடுப்பை விட்டு வரவில்லை. நாலு வருடமாக எங்களுக்குச் சொல்லாமல் நீ செல்லோ வாத்தியம் பழகியது நோன்பில் தெரிய வந்ததிலிருந்து, அந்தப் பெரிய பெட்டியோட அவள் கதைக்கட்டும், என்னோட கதைக்கத் தேவல்ல என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. ஐந்து மாதம் ஆகிறது, உனக்குத் தெரியும். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன், குசினிக்குக் கேட்கட்டும் என்று.

குசினிக்குக் கேட்டதோ இல்லையோ, தெருவுக்குக் கேட்டது. சிம்பொனியின் இரண்டாவது பகுதி மெதுவாக, நெஞ்சைப் பிசைகிற மாதிரிப் போனது. நாட்டில் பெரியவர் யாராவது காலமானால் வானொலியில் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு சோக இசை போடுவார்களே, ஏறக்குறைய அதுதான். எதிர்க்கடை றஸாக் செய்தி வரும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. கடைக்கதவைப் பாதி சாத்தி துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் கட்டின, மொத்தம் ஏழு. அதன் பிறகுதான் மௌத்தானது யார் என்று விசாரிக்க றஸாக் எங்கள் வாசல் படலைக்கு வந்தார். ஆரு ராத்தா, மந்திரியா, அதுக்கும் மேலயா என்று உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

உம்மா அகப்பையோடு வெளியே போனார். மௌத்தும் இல்ல ஒண்டும் இல்ல, என்ட மகள் வாசிக்கிறா, வாய மூடிட்டுக் கேளுங்க என்றார். றஸாக் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, இவ்வளவு கவலையா வாசிக்கிற, புள்ளைக்கு அங்க சாப்பாடு சரியில்லயா என்றார். உம்மா உள்ளே வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தவர், கச்சேரி முடியும்வரை எழும்பவில்லை. முக்காடு போட்டவள் நீ ஒருத்திதான் என்பதால் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. முடிந்ததும், என்ட புள்ளய ஏன் கடைசி வரிசையில வச்சிருக்கானுகள் என்று என்னிடம் கோபித்தார், நான்தான் வைத்த மாதிரி.

நேரத்துக்குச் சாப்பிடு. சுபஹுத் தொழுகையைத் தவற விடாதே. அந்தப் பெட்டியைத் தனியாகத் தூக்கி முதுகை நோகடிக்காதே. உன் கைக்கும் கல்விக்கும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரத்தில் போனைப் பக்கத்தில் வைத்திரு. உம்மா இன்று காலை தன் போனுக்குக் காசு கொடுத்து ரீலோட் போட்டார்.

துஆவுடன்,
வாப்பா மீராசா