கல் நட்ட வரப்பு

எதற்குத் திட்டினாலும் கடைசியில் சிரித்துவிடும் என் நைனாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நம் ஊரை ஆந்திராவில் சேர்த்துவிட்டார்கள். நாம் சத்தியவேட்டுப் பக்கத்தை விட்டு ஓரடி நகரவில்லை; ராஜ்யம்தான் நகர்ந்தது. மேட்டில் இருக்கும் முனிரத்தினம் மாமாவின் நிலம் மதராஸிலேயே நின்றுவிட்டது. நீயும் மாமாவும் சேர்ந்து போட்ட வரப்பின்மேல் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள்.

போன மழையில் அந்த வரப்பு உடைந்தது. கல்லுக்குப் பக்கத்தில் மண்வெட்டி பட்டால் ஜெயில் என்று யாரோ கிளப்பிவிட, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரும் தொடவில்லை. மேட்டுத் தண்ணீர் உடைப்பில் புகுந்து நம் வேர்க்கடலைக் கொல்லையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சில இடங்களில் சரளை பல்லைக் காட்டுகிறது. அடுத்த மழைக்கு என்ன மிஞ்சும், நைனா?

மழை விட்டதும் அவரவர் கொல்லையில் வழியும் தண்ணீரைச் சொம்பில் பிடித்து வரச் சொல்வாயே. தெளிந்ததும் யார் சொம்பில் மண் அதிகம் என்று பார்த்து, அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவீர்கள். குறைவாக இழந்தவர், எப்படிக் குறுக்கே உழுதார், எங்கே புல் வளர்த்தார் என்று எல்லோருக்கும் சொல்லவேண்டும். நேற்று நானே எல்லோரையும் கூட்டினேன். என் சொம்பில் பாதிக்குமேல் சேறு.

"இது எந்த ராஜ்ஜியத்து மண்ணுடா?" என்றார் மாமா.

"கேட்டுப் பாரு மாமா. தெலுங்குல திட்டுதா, தமிழ்ல திட்டுதான்னு தெரிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு, "வா மாமா, உடைப்பை அடைச்சிடலாம்" என்றேன்.

"புள்ளகுட்டிக்காரன்டா நானு. கல்லாண்ட போயி, ஜெயில்ல களி துன்னச் சொல்றியா?"

சிரிப்பு நின்றது. சொம்புகளைக் கவிழ்த்துவிட்டுக் கலைந்துபோனார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எதைச் சொன்னால் வருவார்கள்? நீ இருந்தால் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாய்?

கிழக்கே கருத்துக்கொண்டு வருகிறது. அம்மா கூடையோடு வாசலில் நிற்கிறாள். "எழுதிக்கினே இருக்காதடா. நீ மண்ண வெட்டிப் போடு, நான் வாரிக் கொட்றேன்" என்கிறாள். அந்த உடைப்புக்கு இரண்டு பேர் போதாதென்று அவளுக்கும் தெரியும்.

போகிறோம். எந்த ராஜ்யத்து ஜெயிலில் போடுவது என்று அவர்கள் சண்டை போட்டு முடிக்கட்டும். அதுவரை வெட்டிக்கொண்டே இருப்பேன்.

உன் ஒரே பிள்ளை,
குமரேசன்