மயக்கம்னா எந்த மயக்கம்

வளப்பூர் நாடு,
மாசி 11.

அன்பு மகன் இளங்கோவுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கறோம், உன் தங்கச்சி கவிதாவும் ஆஸ்டல்ல நல்லா இருக்கறா, நீயும் போர்வெல் வண்டியில உன்கூட இருக்கறவங்களும் கை கால் சுகத்தோட இருக்கோணும்னு சாமிகிட்டக் கேட்டுக்கறேன். போன் போட்டா பாதிப் பேச்சுலயே அந்து போகுது கண்ணு, அதனால உங்க வண்டிக்கு மாத்தாளா வர்ற செங்கோடன் கையில இந்தக் கடுதாசியும் புது மிளகு ரெண்டு படியும் குடுத்து அனுப்பறேன். மேக்காட்டு அர்த்தனாரி பெரியப்பா மரத்துல இருந்து விழுந்ததை அப்பா உங்கிட்ட ரெண்டு வார்த்தையில சொல்லியிருப்பாரு, நான் முழுசாச் சொல்லோணும்.

அதுக்கு முந்தி ஒரு சங்கதி இருக்குது. தை மாசக் கடைசியில எங்க மகளிர் குழுக் கட்டடத்துல முதலுதவி வகுப்புன்னு சொல்லி சுமதிங்கற நர்ஸ் பொண்ணு வந்துச்சு. நான் டீ போடத்தான் போனேன். ஆனா அந்தப் பொண்ணு பாடம் நடத்தற மாதிரி நடத்தல, பலகையில ஒரு வார்த்தைய எழுதறது, இதை நீங்க எப்படிச் சொல்லுவீங்கன்னு எங்களைக் கேக்கறது. ரத்தக்கசிவுன்னு எழுதுச்சு. கசியறதுன்னா எங்களுக்குப் பாறையில தண்ணி கசியறதுதானுங்க, ரத்தம் ஒழுகும், இல்லாட்டி பீச்சும்னு நான் அடுப்புகிட்ட இருந்தே சொன்னேன். அது திரும்பிப் பாத்து, அதுதாங்க எனக்கு வேணும், ஒழுகறது வேற பீச்சறது வேற, பீச்சுனா அந்த இடத்தை அமுக்காம ஒரு நிமிசம் விடக்கூடாதுன்னுச்சு. அதோட எனக்கு டீ மறந்துபோச்சு, முன்னால போய் உக்காந்துட்டேன். சுளுக்குனாலும் எலும்பு முறிஞ்சாலும் நாம பிசகிருச்சுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு எண்ணெய் போட்டு உருவி விடறோமல்ல, முறிஞ்சதை உருவுனா எலும்பு முனை உள்ள சதையக் கிழிச்சுடுமாம். அடுத்து சுயநினைவுன்னு எழுதுனப்ப, அர்த்தனாரி பெரியப்பா சம்சாரம் பாப்பாயி பெரியம்மா, அது தன்னைப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருக்கறதுங்களான்னு கேட்டுச்சு, எல்லாரும் சிரிச்சோம். நர்சும் சிரிச்சுட்டு, நீங்க மயக்கம்னு சொன்னா எந்த மயக்கம், தலை சுத்தற மயக்கமா, கூப்பிட்டா ஏன்னு கேக்காமக் கிடக்கற மயக்கமா, ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வச்சிருந்தா போன்ல கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டுச்சு. எனக்கு அந்தக் கேள்வி ஊட்டுக்கு வந்தும் போகல. அப்பாகிட்டக் கேட்டேன். போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னுட்டாரு.

போன வியாழக்கிழமை காலையில பெரியப்பா மிளகுக்கொடி ஏத்தியிருக்கற சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு மிளகு பறிச்சிட்டிருந்தாரு. ஏணி சறுக்கிருச்சு. பெரியம்மா போட்ட சத்தத்துல நானும் அப்பாவும் வேலியத் தாண்டி ஓடினோம். மல்லாக்கக் கிடந்தாரு சாமி, இடுப்புல சொருகியிருந்த கொடுவா கெண்டைக்கால்ல பட்டு ரத்தம் பீச்சுது. பெரியம்மா பாம்புக்கடிக்குக் கட்டற மாதிரி முட்டிக்கு மேல கயித்தைச் சுத்திட்டு இருந்துச்சு. அக்கா கட்ட வேண்டாம், அமுக்குங்கன்னு சொல்லி என் துண்டை மடிச்சு வச்சு நானும் அதும் மாத்தி மாத்தி அமுக்கினோம். கை ரெண்டும் சூடா நனைஞ்சுது, ஆனா கைய எடுக்கல. அதுக்குள்ள ஆளுங்க கூடிட்டாங்க. அப்பா பெரியப்பா கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கப் போனாரு, நாலு பேரு சேந்து ஜீப்புல போட்டா வெரசாப் போயிரலாம்னு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, இத்தனை வருசமா நாம அப்படித்தான தூக்கியிருக்கோம். ஆனா பெரியப்பா, ருக்குமணி எனக்குக் காலு ரெண்டும் மரமரன்னு இருக்குதுன்னு மெதுவாச் சொன்னது பக்கத்துல இருந்த எனக்குத்தான் கேட்டுச்சு. காலு மரத்துப்போனா முதுகெலும்புல அடி, ஆளை அசைக்கக்கூடாதுன்னு நர்ஸ் சொன்னது நெனப்பு வந்துச்சு. தூக்காதீங்க, கைய எடுங்கன்னு நான் போட்ட சத்தத்துல அப்பா அப்படியே நின்னுட்டாரு. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல அவரை அத்தனை சனத்துக்கு முன்னால நான் அதட்டுனதே இல்ல.

அவருதான் 108-க்குப் போன் போட்டாரு. ஆளு எப்படி இருக்காருன்னு கேட்டதுக்கு மயக்கமா இருக்காருங்கன்னாரு. அந்தப் பக்கம் பேசுன பொண்ணு, சுயநினைவு இல்லையா, மூச்சு வருதான்னு கேக்க, இவரு போனை என் பக்கமா நீட்டுனாரு. நான் கைய எடுக்காமலே, நெனப்பு இருக்குதுங்க, பேசறாரு, தலைதான் சுத்துதுங்கறாரு, காலு மரத்துப்போச்சு, கெண்டைக்கால்ல ரத்தம் பீச்சுது அமுக்கிட்டு இருக்கறோம்னு சத்தமாச் சொன்னேன். தண்டுவடம்ங்கற வார்த்தை வகுப்புல நாலு தடவை சொல்லிப் பாத்தது, அந்நேரத்துக்கு வாயில வரவே இல்ல, நடுமுதுகு எலும்புல அடியா இருக்கும்னு பயமா இருக்குதுங்கன்னேன். அந்தப் பொண்ணுக்கு நல்லாவே புரிஞ்சுது. ஆளை அசைக்காதீங்க, ஒருத்தர் தலைய ரெண்டு பக்கமும் ஆடாமப் பிடிச்சுக்கங்க, குடிக்க எதும் குடுக்காதீங்கன்னுச்சு. அப்பா மண்டி போட்டு உக்காந்து தலையப் பிடிச்சாரு. ஆம்புலன்ஸ் வர முக்கா மணி நேரம் ஆச்சு. மரத்து மேல இருந்த செவ்வெறும்பு அத்தனையும் கீழ கொட்டிக் கிடந்துது, அப்பா காலெல்லாம் ஏறிக் கடிக்குது, மனுசன் கைய எடுக்கல, அசையல. பெரியப்பா ஒரு வாய் தண்ணி குடு ருக்குமணின்னு மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் இல்லீங்க மாமான்னுட்டேன், அதுதான் இன்னும் மனசுல கிடக்குது.

அன்னைக்கே சேலத்துக்குக் கொண்டு போய்ட்டாங்க. முதுகெலும்புல ஒரு கணு நொறுங்கியிருக்குது, தண்டுவடம் அந்து போகல, அள்ளித் தூக்கியிருந்தா காலு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். ஆபரேசன் முடிஞ்சு நேத்து கால் விரலை ஆட்டுனாருன்னு பெரியம்மா போன் பண்ணுச்சு. நடக்க மாசக்கணக்காகும். இனி மரம் ஏற மாட்டாரு, அதை அவருகிட்ட யாரும் இன்னும் சொல்லல. ரெண்டு நாளா, எறும்பு கடிச்ச காலுக்கு நான் மருந்து போடப் போனாலும் அப்பா கையில வாங்கித் தானே போட்டுக்கிட்டாரு. மூணாம் நாள் களத்துல மிளகு காயப்போடறப்ப என்னைப் பாக்காம, வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கறமே அதுக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. இரும்புனால ஒண்ணும் ஆகாது, பக்கத்துல இருக்கற கல்லு கட்டையை நகத்திட்டு, அடங்குனதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொன்னாங்கன்னேன். இப்பச் சோத்துக்கு உக்காந்தா தினம் ஒண்ணு கேக்கறாரு, எனக்குத் தெரியாததை அடுத்த வகுப்புக்குக் கேக்கறதுக்குன்னு கவிதாவோட பழைய நோட்டுல குறிச்சு வக்கறேன்.

எனக்கு இப்ப உன்னைப் பத்தித்தான் யோசனை. உங்க வண்டியில இருக்கற சத்தீஸ்கர் ஆளுங்களுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவங்க பேச்சு அரைகுறை. தூக்காதே, அமுக்கு, மூச்சு இருக்குதா, இதுக்கெல்லாம் அவங்க என்ன சொல்லுவாங்க? மரத்துப்போச்சுங்கறதுக்குத் தனி வார்த்தை வச்சிருக்காங்களா? ரத்தம் ஒழுகறதுக்கும் பீச்சறதுக்கும் அங்கயும் ரெண்டு வார்த்தை இருக்குதான்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை. கேட்டுத் தமிழ் எழுத்துல எழுதி அனுப்பு, அவங்களுக்கும் நம்ம வார்த்தையச் சொல்லிக் குடு. இன்னொண்ணு, அன்னைக்கு 108-ல மொதக் கேள்வி காயத்தைப் பத்தி இல்ல கண்ணு, எங்க இருக்கீங்கங்கறதுதான். நாங்க கோயிலைச் சொன்னோம், மலை ரோட்டு வளைவைச் சொன்னோம், வந்துட்டாங்க. நீங்க ஒரு ஊருல நாலு நாளு, அடுத்த ஊருல ரெண்டு நாளு. இனிமே எந்தக் காட்டுல வண்டிய நிறுத்தினாலும் ராடு இறக்கறதுக்கு முந்தி அந்த ஊர் பேரைக் கேட்டு நல்லாச் சொல்லிப் பழகிக்க, எனக்கும் அனுப்பு. ஒரு வருசமா எம் பையன் எங்கயோ இருக்கறான், காப்பாத்துன்னு தான் கும்பிட்டுட்டு இருக்கறேன். இனி ஊர் பேரைச் சொல்லிக் கும்பிடறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயில்ல தலைக்குத் துண்டு கட்டிக்க. நீயும் உன்கூட இருக்கறவங்களும் நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்குமணி குழந்தைசாமி