உயிரியல் இல்லாத பள்ளிக்கூடம்

உனக்கு மார்க் பத்தவில்லை என்று ஊரில் சொல்வது பொய். நீ எடுத்த மார்க்குக்கு என்ன குறைச்சல்? பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே நம் பள்ளிக்கூடம் உன்னை வெளியே தள்ளிவிட்டது. அது நமக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது, அவ்வளவுதான்.

இன்று காலை பிரிண்டரிலிருந்து கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விவரத் தாளை எடுத்தேன். சூடு ஆறாத தாளுக்கு ஒரு மணம் உண்டு. இஸ்திரி போட்ட துணியும் கருகிய தூசியும் கலந்த மாதிரி. அந்த மணம் வந்தாலே எனக்கு உன் நினைப்பு வந்துவிடும். நாம் அன்று விண்ணப்பம் போடப் போனோமே, அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான், ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, இப்போது வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. வருகிற பிள்ளைகளிடம் பேர் கேட்பதற்கு முன்னாலேயே, "எந்த குரூப்?" என்று கேட்டுவிடுவேன். முதலாளி சலித்துக்கொள்வார். "வந்ததும் வராததுமா ஏம்மா போலீஸ்காரர் மாதிரி வெரட்டுற?" என்பார். அவருக்கு உன் கதை தெரியாது.

இன்றைக்கு அந்தத் தாளைக் கேட்டு ஊரிலிருந்து நடந்தே வந்தவள் உன் தங்கச்சி. பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாள். உன்னைவிட உயரம். வாயும் உன்னைவிட அதிகம்.

"அக்கா, மாட்டு டாக்டருக்கு என்னென்ன படிச்சிருக்கணும்னு மொதல்லயே காட்டு. எங்க அக்கா மாதிரி கடைசியில பாக்க மாட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு?

உனக்கு இந்த ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது உங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு வயிறு ஊதிப்போய்விட்டது. அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாய். பின்னாலேயே நானும் ஏறினேன். "ஆட்டையெல்லாம் ஏத்தக்கூடாதும்மா, எறங்கு எறங்கு" என்றார் கண்டக்டர். "ஆடு இல்லண்ணே, நோயாளி. அரை டிக்கெட் போடுங்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குட்டியின் வாய்க்குள் குழாயை விட்டபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீதான் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். காற்று வெளியேறி வயிறு அமுங்கியதும் குட்டி உன் துப்பட்டாவைத் தின்ன ஆரம்பித்தது. "பயப்படாம புடிச்சியே, நீ இந்தப் படிப்புக்கு வரலாம்மா. நல்லா மார்க் எடு" என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது பஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு புது ஆற்றங்கரையோடு நடக்கவைத்தாய். இரண்டு மணி நேர வழி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

அன்றிலிருந்து எல்லாரும் உன்னிடம் அதைத்தான் சொன்னார்கள். நல்லா மார்க் எடு. நீயும் எடுத்தாய். பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மார்க்.

நாம் பதினோராம் வகுப்பில் சேரப்போன வருடம் உயிரியல் வாத்தியார் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஆள் வராததால் அந்த குரூப்பையே மூடிவிட்டார்கள். அதை ஒரு குறையாக யாரும் நம்மிடம் சொல்லவில்லை. "கெட்டிக்காரப் புள்ளைங்கல்லாம் கம்ப்யூட்டர் குரூப்புக்கு வாங்க, புது லேப் வந்திருக்கு" என்று கூப்பிட்டார்கள். நீ எழுந்து நின்று கேட்டாய். "சார், நான் மாட்டு டாக்டராகணும். இதுல சேரலாமா?" அன்றைக்கு இருந்த தலைமையாசிரியர், "மார்க் இருந்தா எங்க வேணாலும் சேரலாம்மா, உக்காரு" என்றார். தெரியாமல் சொன்னாரோ, வகுப்பு நிரம்பினால் போதும் என்று சொன்னாரோ! உன்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அதே வருடம் பெரிய தெருப் பிள்ளைகள் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூட வேனில் ஏறிப் போய் உயிரியல் படித்தார்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இருந்தது. உன் வீட்டில் உன்னைத் தவிர யாரும் பத்தாவது தாண்டியதில்லை.

பிளஸ் டூ மார்க் வந்ததும் சென்டருக்கு ஓடினோம். பஸ்ஸில் நீ என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாய். "நீட் கெடையாதுடி! பிளஸ் டூ மார்க்தான்! எனக்காகவே வச்ச மாதிரி இருக்கு." சென்டர் அண்ணன் உன் மார்க்கைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, சீட்டு நிச்சயம்" என்றார். பாடங்களை நிரப்பும் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"பயாலஜி எங்கம்மா?"

"அது எங்க ஸ்கூல்ல இல்லண்ணே."

"பயாலஜி இல்லாம பி.வி.எஸ்ஸிக்கு அப்ளிகேஷனே போட முடியாதும்மா."

பாவம், அவர் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளித் தேடினார். "கணக்குப் படிச்சவங்களுக்கு பி.டெக் இருக்கு. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம். சென்னைப் பக்கம்" என்றார்.

"அதுல மாடு வருமாண்ணே?"

"பாலு வரும்மா."

"பாலு மட்டும் வந்தா டீக்கடைதான் வைக்கணும்" என்றாய். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உன்னைப் பார்த்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் குழாயில் முகம் கழுவினாய். ரொம்ப நேரம் கழுவினாய்.

இருந்தாலும் பி.டெக்குக்குப் போடலாம் என்று உன்னைச் சம்மதிக்க வைத்தேன். உன் அப்பா விடவில்லை. ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரி என்றால் தினம் வீட்டிலிருந்தே போய் வந்துவிடுவாய், சென்னைக்கெல்லாம் பெண் பிள்ளையை அனுப்ப முடியாது என்றார். நாலு மாதம் கழித்து அவரே உன்னைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எனக்கு அப்போது அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இப்போது அவரை மட்டும் திட்ட மனசு வரவில்லை. சென்னை செலவு கேட்டது, திருப்பூர் சம்பளம் தந்தது. நடவுக்கூலியில் நடக்கும் வீட்டில் எது தூரம், எது பக்கம் என்பதை வேறு எப்படி அளப்பார்கள்?

கம்பெனி விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாய். "டாக்டர் வேலைதான்டி பாக்குறேன். நாள் பூரா பனியனுக்குத் தையல் போடுறேன்" என்று சிரிப்பாய். அடுத்த கேள்வி வீட்டுப் பசு சினைபிடித்ததா என்பதாக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன் என்றாய். அதற்கு முன்பே ஒரு விடியற்காலையில், ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றி வந்த கம்பெனி வேன் கவிழ்ந்துவிட்டது. உன்னோடு இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

துக்க வீட்டில் ஒரு பெரிய மனிதர் என் காதுபடச் சொன்னார்: "படிப்பு ஏறல போலருக்கு, அதான் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கு." பந்தலில் அத்தனை பேருக்கு நடுவில் உன் மார்க்கைச் சத்தம் போட்டுச் சொன்னேன். பாடம் பாடமாகச் சொன்னேன். என்னைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று உன் தங்கச்சி அந்தத் தாளை நின்ற இடத்திலேயே படித்து முடித்தாள். இயற்பியல், வேதியியல், உயிரியல். கீழே ஒரு வரி, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்று. "அப்ப எனக்கு ஈஸிதானே?" என்றாள். என்ன சொல்வது? அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குகிற கைதான் அந்தப் பிள்ளையின் பள்ளிக்கு உயிரியல் வாத்தியாரை அனுப்பாமல் வைத்திருக்கிறது. அந்த குரூப் இன்னும் மூடியேதான் கிடக்கிறது.

ஒரத்தநாட்டுப் பள்ளியில் உயிரியல் இருக்கிறது. ஆனால் உன் அம்மா அவளை எந்த வண்டியிலும் ஏற்றமாட்டேன் என்கிறார். டவுன் பஸ்ஸில்கூட. "ஒண்ண வண்டிக்குக் குடுத்தது போதும். நடந்து போற பள்ளிக்கூடம்னா படிக்கட்டும், இல்லன்னா வீட்டுல கெடக்கட்டும்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் தினம் நடந்து போகக்கூடியது நம் பள்ளி மட்டும்தான்.

அதனால் மத்தியானம் மூன்று பேருமாக நம் பள்ளிக்குப் போனோம். இப்போது இருக்கும் தலைமையாசிரியர் வேறு ஆள், நல்ல மனிதர். உன் அம்மாவுக்குத் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் கேக்காம இல்லம்மா. எழுதி எழுதிப் பாத்துட்டேன், போஸ்ட் தர மாட்டேங்குறாங்க. விரல்விட்டு எண்ற அளவுக்குத்தான் புள்ளைங்க, அதுக்கு எப்படி ஒரு குரூப்புங்குறாங்க. கம்ப்யூட்டர்ல போடுங்க. நல்ல மார்க் எடுத்தா..."

"சார், அதை மட்டும் சொல்லாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. உன் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

நீ அன்றைக்கு எழுந்து நின்று கேட்டாய், உட்காரச் சொன்னதும் நம்பி உட்கார்ந்தாய். அதுதான் என்னால் இறக்கிவைக்க முடியாத பாரம். இந்த முறை நான் எழுந்து நின்றேன்.

"சார், இந்தப் பொண்ணு மாட்டு டாக்டராகணும்னு உங்ககிட்ட சொல்லிட்டா. இங்க சேந்தா அது நடக்காதுன்னு உங்களுக்கு இன்னிக்கே தெரியும். அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இல்லன்னா பயாலஜி குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார். "வாம்மா, போகலாம்" என்று உன் அம்மா எழுந்தார். உன் தங்கச்சி அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

அவர் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமலே திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.