புதுப் பெல்ட்டுக்கு வைத்த பொட்டு

வெள்ளவத்தை

அன்புள்ள விசாலி அக்காவுக்கு,

மெல்பேர்னில் நீங்களும் திலக்ஷன் அத்தானும் நலமாக இருப்பீர்கள். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் இருந்து இதை அடிக்கிறேன். அனுப்பியதும் என் போனிலிருந்து அழித்துவிடுவேன்.

அப்பா வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டே பேர் உட்காரலாம், சிவப்பு. அதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். போன வாரம் கொட்டாஞ்சேனையில் கிளின்ரனின் கராஜில் இஞ்சின் பெல்ட்டை மாற்றினார்கள். வீடு வரும்வரை சத்தமே இல்லை. நானும் கூட வந்தேன், எனக்குத் தெரியும்.

அன்று மாலை பூஜை. நம் புறக்கோட்டைக் கடையில் புதுத் தராசு வந்தால் பொட்டு வைப்பாரே, அதே பக்தி. பொனட்டைத் திறந்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அள்ளி, பெல்ட்டுக்கும் அது ஓடுகிற சக்கரங்களுக்கும் அப்பினார். மேலே குங்குமம். வெளியே வைத்தால் போதாதா என்று அம்மா மெதுவாகக் கேட்டதற்கு, வியாபாரக் குடும்பத்தில் பிறந்தும் புத்தி இல்லையே என்று மாடி வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து கார் கிறீச் கிறீச்சென்று கத்துகிறது. உடனே அப்பா பெரிய இஞ்சினியர் ஆகிவிட்டார். போலிப் பெல்ட் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று கிளின்ரனுக்குப் போன் எடுத்து ஏசினார். கொண்டு வாருங்கள், கழற்றிப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். உன் கராஜ் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பா வைத்துவிட்டார். இனி எப்படிப் போவது? மரியாதை போய்விடுமே.

இன்று இஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டில் தண்ணீர் தெளித்தார். நான் டோர்ச் பிடித்தேன். சத்தம் நின்றது. "பாத்தியா, உங்கப்பன் கைபட்டா போதும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஈரம் காய்ந்து மறுபடி கத்தியது. அது அவருடைய காதில் விழவில்லை.

இஞ்சின் நின்ற பிறகு குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் பள்ளங்களில் சந்தனம் காய்ந்து கல்லாக இருக்கிறது, சிவப்புக் குங்குமத்தோடு. பெல்ட் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் ஏறி ஓடியிருக்கிறது. அதன் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிறது. கண் உள்ள யாருக்கும் தெரியும். அப்பாவிடம் சொன்னேன்.

"பொட்டு வச்சா கார் கத்துமாடி? சாமிய குத்தம் சொல்றியா?" என்று கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எறிந்தார். என் மேல் படவில்லை. அம்மா நடுவில் வந்துவிட்டார்.

நாளை காலை ஆறு மணிக்கு அந்தக் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக மாத்தறைக் கல்யாணத்துக்குப் போகிறார். சொந்தக்காரர்கள் காரைப் பார்க்க வேண்டுமாம். நெடுஞ்சாலையில் அவர் ஓட்டும் வேகம் உங்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை இலேசாகத் திருப்ப வைப்பதும் அந்தப் பெல்ட்தான். அந்த வேகத்தில் அது அறுந்தால் ஸ்டியரிங் இறுகிவிடும், அக்கா. கடைச் சாமான் ஏற்றும் வான் இருக்கிறதே என்றேன். வானில் கடைப் பெடியன்கள் போவார்களாம்.

இங்கே ஆறு மணி ஆவதற்கு முன் அப்பாவின் போனுக்குக் கோல் எடுங்கள். அத்தானைப் பேசச் சொல்லுங்கள். அத்தான் வங்கியில் வேலை செய்கிறார், ஸ்பானரைத் தொட்டதும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவுஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆம்பிளை சொன்னால் அப்பா கேட்பார். முதலில் காரைப் புகழட்டும். பிறகு பூஜை எப்படிப் போட்டீர்கள், சந்தனம் எங்கெங்கே வைத்தீர்கள் என்று கேட்கட்டும். பெருமையாக அவரே எல்லாவற்றையும் ஒப்பிப்பார். அந்த இடத்தில் அத்தான், இந்த மாதிரிக் காரைத் துடைத்துப் பெல்ட் மாற்றாமல் தூரம் ஓட்டக்கூடாது, வானில் போங்கள் மாமா என்று சொன்னால் போதும். தன் யோசனை என்றே அம்மாவிடம் வந்து சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும்.

என் பெயர் வரவேண்டாம். இதற்குப் பதிலும் போடவேண்டாம். காலையில் என் போனை அப்பாதான் முதலில் திறப்பார்.

பயமில்லை, போய்விட்டு வருகிறேன் என்று அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் படுக்கப் போனார். அவர் என்றைக்குப் பயமென்று சொல்லியிருக்கிறார்? அப்பா எடுக்காவிட்டால் திரும்பவும் எடுங்கள் அக்கா. எடுக்கும்வரை எடுங்கள்.

உங்கள் தங்கை,
வித்யாலட்சுமி