ஸ்பூன் பஞ்சாயத்து

ஜூன் 4

அன்புள்ள வீட்டு அம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் நடிக்கிறேன் என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே?

நீ மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. கேட்கிறவர்களிடம், "பொண்ணு புதுக்குடித்தனம், ஒத்தாசைக்குப் போயிருக்கா" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஒரு டீ ஸ்பூனுக்காகக் கோபித்துக்கொண்டு போனவள் என்று சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நீ டீ கொடுத்தாய். நான் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். உலகத்தில் எல்லோரும் செய்கிற காரியம். நீ அத்தனை பேர் முன்னாலும் என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கி, "போதுங்க, காது கிழியுது" என்றாய். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அது ஒரு மரியாதையா?

நிதானமாகக் கேள். டீ கலக்குவதில் இரண்டு கட்சி உண்டு. ஸ்பூனைச் சுற்றிச் சுற்றி விடுகிறவர்கள் ஒரு கட்சி. அவர்கள் கப்பில் இடிப்பார்கள். நான் முன்னும் பின்னுமாகத் தள்ளுகிற கட்சி. ஸ்பூன் கப்பைத் தொடவே தொடாது. ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கலக்கிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. ரயில்பெட்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, வருகிற ஒலியை வைத்தே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறவன் நான். என் காதுக்கு எட்டாத சத்தம் உனக்கு மட்டும் எப்படி எட்டியது?

யார்டில் வேலை ஓயவில்லை. இந்த வருடம் சக்கரமெல்லாம் படு மட்டம். நல்ல சக்கரம் தட்டினால் கணீரென்று நின்று ஒலிக்கும். இப்போது பாதி சக்கரம் ‘டொக்’ என்கிறது. நானும் சாக்பீஸால் குறுக்குக்கோடு போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு கோட்டுக்கு ஒரு பெட்டியைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் ஃபோர்மேன் முகம் சுண்டிப்போகிறது. இரும்பை வார்க்கிறவன் ஒழுங்காக வார்க்காததற்கு நான் என்ன செய்வேன்?

போன் மட்டும் செய்யாதே. லைன் சரியில்லை, நீ பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. எழுது. டீத்தூளை எங்கே வைத்திருக்கிறாய் என்பதையும் எழுது.

இப்படிக்கு,
உன் ஸ்பூன் குற்றவாளி


ஜூன் 9

மதிப்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

டீத்தூள் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அடுப்புக்கு மேலே, இடது பக்கம், உங்கள் மூக்குக்கு நேரே.

இரண்டு கட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கலக்கி முடித்ததும் கப்பின் விளிம்பில் டிங் டிங் டிங் என்று தட்டுகிறீர்களே, அது எந்தக் கட்சி? கப்பில் விரிசல் பார்க்கிறீர்களா? பள்ளிக்கூட மணி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பையைத் தூக்காமல் இருந்தால் சரி. இங்கே மாப்பிள்ளையும் டீ கலக்குகிறார். பூனை நடக்கிற மாதிரி கலக்கி, ஸ்பூனைச் சாஸரில் கப்புக்குப் பின்னால் படுக்கவைக்கிறார். நக்குவதும் இல்லை, உதறுவதும் இல்லை. நம் மேஜைவிரிப்பில் இருக்கிற பழுப்புப் பொட்டெல்லாம் யார் வைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பூனைப் பிடுங்கினது அதிகப்படிதான். அதற்கு நீங்கள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீங்கள் சம்பந்தி பக்கம் திரும்பி, "இவளுக்குக் காதுல ஏதோ கோளாறு, இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்" என்று சிரித்தீர்கள். அதற்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், முழுதும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாகவே நான் உங்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. கிட்டே வந்து பேசினால் ‘ம்’ என்கிறீர்கள். எதற்கு ‘ம்’ என்றால் விழிக்கிறீர்கள். என் தம்பி போய்விட்டான் என்று தகவல் வந்த அன்று வாசலில் நின்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரும்போது வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்புறம் ‘கவனிக்கலை’ என்றீர்கள். கூடப் பிறந்தவன் செத்ததைக் கூடவா ஒரு மனுஷன் கவனிக்காமல் இருப்பான்? அதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் உங்களுக்குச் சமைத்துப் போட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மகள் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
காதில் கோளாறுள்ளவள்


ஜூன் 13

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை யார்டிலேயே பிரித்துப் படித்தேன். அப்புறம் டீ குடிக்கவே பிடிக்கவில்லை.

உன் தம்பி விஷயத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அன்று நீ பாலோ தயிரோ கேட்கிறாய் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். திரும்பி வந்து நீ அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அதனால்தான் அப்புறம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. நீ எனக்குப் பொருட்டில்லை என்று மட்டும் எழுதாதே.

ஸ்பூன் வழக்குக்கு ஒரு நடுவரை வைத்தேன். கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் எதிரில் என் முறைப்படி கலக்கினேன். அவர், "அண்ணே, இதுக்கு என் பழைய மெஷினே தேவலை" என்றார். உன் துணியைத் தைத்துப் பிழைக்கிற ஆள், வேறு என்ன சொல்வார்? தீர்ப்பை ஏற்கவில்லை. ஒரு கப் டீதான் நஷ்டம்.

இங்கே எனக்கு ஒரு தலைகுனிவு. நான் கோடு போட்டு நிறுத்தின பெட்டிகளையெல்லாம் பணிமனையில் மெஷின் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில்கூட விரிசல் இல்லையாம். அங்கே இருக்கிற பையன்கள் என்னைப் பார்த்ததும் ‘டொக், டொக்’ என்கிறார்களாம். ஃபோர்மேன் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, உங்க அனுபவத்துக்கு நான் பாடம் நடத்தக் கூடாது. ஆனா நல்ல பெட்டியை எல்லாம் நிறுத்தினா வண்டி எப்படி ஓடும்?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் இந்த வாரத்திலிருந்து ‘டொக்’ என்று கேட்டாலும், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுகிறேன். வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புகின்றன. ஃபோர்மேன் இன்று அவர் காசில் வடிகட்டின தண்ணீர் மாதிரி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கோபம் ஆறினால் வா. வீடு வீடாக இல்லை.

உன்னவன்


ஜூன் 16

என்னங்க,

இதை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். சண்டை போட எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு கப் டீயைக் கலக்கினேன். நன்றாக ‘டிங்’ என்று கேட்டது. பிறகு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதே கப்பை அதே ஸ்பூனால் கலக்கினேன். ‘டிங்’ போய்விட்டது. விளிம்பில் ஓங்கித் தட்டினால் ‘டொக்’ என்று மட்டும் கேட்டது. மகள் வந்து பார்த்து, "என்னம்மா கோலம் இது?" என்று சிரித்தாள். நான் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சக்கரம் எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்களுக்குக் காது கேட்கவில்லை. கணீர் என்கிற சத்தம் உங்களை விட்டுப் போய்விட்டது. அதனால்தான் ஸ்பூன் கேட்கவில்லை, போனில் என் பேச்சு விளங்கவில்லை, அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அன்றைக்கு வாசலில் நான் சொன்னதும் உங்கள் காதில் விழவே இல்லை. நான் முட்டாள், அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே உங்களைக் கரித்துக்கொட்டினேன். இது தெரிந்ததும் ஒரு பக்கம் மனசு லேசானது. மறு பக்கம் பயமாக இருக்கிறது.

நல்ல சக்கரமும் உங்களுக்கு ‘டொக்’, விரிசல் விட்ட சக்கரமும் ‘டொக்’. இப்போது எல்லாவற்றையும் போகச் சொல்கிறீர்கள். நாளைக்கே ஃபோர்மேனிடம் சொல்லுங்கள். காது டாக்டரைப் பாருங்கள். அதுவரை அந்தச் சுத்தியலைத் தொடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் மனைவி


ஜூன் 20

மகளின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு ஸ்பூன் வழக்கில் ஜெயிப்பதற்காகப் புருஷனைச் செவிடன் ஆக்குகிற பெண்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் காதுக்கு ஒன்றுமில்லை. வண்டி வருவது கேட்கிறது, ஃபோர்மேன் கத்துவது கேட்கிறது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான். இந்த நேரத்தில் போய் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைப்பார்கள். இத்தனை வருடம் இந்தக் காதுதான் நம் வீட்டில் அடுப்பை எரியவைத்தது. அது போய்விட்டால் நான் யார்?

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். வர வேண்டும் என்றும் இல்லை. டீத்தூள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது.

மகளின் அப்பா


ஜூன் 24

என்னங்க,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான், இதற்கு மேல் எழுதமாட்டேன்.

உங்கள் ஃபோர்மேனுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். நான் போய்ச் சொல்லி உங்களை இறக்கினால், அப்புறம் நீங்கள் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள். நானும் விழிக்கமாட்டேன். சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானும் மகளும் வருகிறோம். உங்கள் யார்டில் நின்று, நீங்கள் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கிளம்பி, இங்கே வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிற வண்டி. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நடுப்பெட்டி.

உங்கள் காதில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. நாங்கள் ஏறுகிறோம். உங்களிடமிருந்து வேறு பதில் வந்தால் ஒழிய, இதில் மாற்றம் இல்லை.

உங்கள் மனைவி


ஜூலை 1

அன்புள்ளவளே,

உன் கடிதம் வந்ததும் ஒரே ஒரு வரி எழுதினேன். "அந்த வண்டியில் ஏறாதே, பஸ்ஸில் வா." அவ்வளவுதான். உறையில் போட்டு ஒட்டித் தபால்பெட்டிக்குக் கொண்டுபோனேன். போடப் போகிற நேரத்தில் ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் விளங்கவில்லை. அவர் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறார். உன்னை ஏறாதே என்று சொல்கிற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு நான் வழி காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், அதுவும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அங்கேயே கடிதத்தைக் கிழித்துவிட்டு ஃபோர்மேன் அறைக்குப் போனேன்.

"எனக்குக் காது கேக்கலைங்க" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சொன்னார், திட்டினாரோ என்னவோ. நான் சுத்தியலை மேஜைமேல் வைத்தேன். நான் போகச் சொன்ன பெட்டிகளையெல்லாம் எங்கெங்கோ போன் போட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தி, மெஷின் வைத்துப் பார்த்தார்கள். நேற்றுத்தான் முடிந்தது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார்கள். விரிசல் என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அந்தப் பெட்டி நிறைய ஆட்கள் ஏறிப் போயிருக்கிறார்கள், இறங்கியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

டாக்டர் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார். பாதி நேரம் நான் கையைத் தூக்கவே இல்லை. மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, திரும்ப வராதாம். வேலையில் என்னை என்ன செய்வார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்காரச் சொன்னால் உட்காருவேன்.

உன் தம்பி போன அன்று உன் பேச்சு எனக்குக் கேட்கவில்லை, சரி. உன் முகத்தைப் பார்த்திருந்தால் போதுமே. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு என் காதைக் குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அந்த வண்டியிலேயே வா. இப்போது தட்டிப் பார்ப்பது இரண்டாம் ஷிப்ட்காரர், நல்ல காது அவருக்கு. நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். நீ கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. கிட்டே வந்து தோளைத் தொடு.

உன்னவன்