வாப்பாவின் வளைந்த ஹேண்டில்

பதுளை,
1922 பெப்ரவரி

அன்பு மகள் ஸைனபுக்கு உன் உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், உன் வாப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். முழங்கால் என்றதும் பதறாதே, வெறும் சிராய்ப்புத்தான், மஞ்சள் பூசியிருக்கிறேன். அவர் முனகுவதெல்லாம் காலுக்காக அல்ல, மோட்டார் சைக்கிளுக்காக.

கொஸ்லந்தைத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது விற்ற வண்டியை வாப்பா வாங்கினார் என்று முன்பே எழுதினேன். எதற்காக வாங்கினார் என்று எழுதவில்லை, எழுதினால் உனக்கு அங்கேயே இடுப்பு வலி எடுத்துவிடும் என்று பயந்தேன். தலைப்பிரசவத்துக்கு நீ வரும்போது பண்டாரவளை ஸ்டேசனிலிருந்து உன்னை அதன் பின்னால் உட்காரவைத்து ஒரே ஓட்டமாக வீட்டில் கொண்டுவந்து இறக்குவாராம். மாட்டு வண்டியில எம் புள்ள குலுங்கிக்கிட்டு வரணுமா என்று கேட்கிறார். இதில் மட்டும் குலுங்காதா என்றால், பஞ்சு மெத்தை கட்டிருக்கேன் பாரு என்கிறார். அது வாசலில் உறுமினாலே நம் கோழிகள் கூரையில் ஏறி நிற்கின்றன, முட்டையிடுவதையும் மறந்துவிட்டன.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் நம் கடைவாசலில் ஆமை மாதிரி மெல்ல வந்து நிறுத்தப் போனார். அந்த நேரம் பார்த்து பள்ளிவாசல் லெப்பை எதிரே வந்து ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார். உன் வாப்பாவைத்தான் தெரியுமே, பெரியவர் கை நீட்டினால் ஒரு கையால் பிடிப்பது மரியாதைக் குறைவு. இரண்டு கையையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்தது, இவரும் அதோடு படுத்தார், பிடித்த கையை விடாததால் லெப்பையும் செத்தல் மிளகாய் மூட்டைமேல் வந்து உட்கார்ந்தார். கடைத்தெருவே தும்மியது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

எழுப்பிப் பார்த்தால் சக்கரம் ஹாலிஎலையைப் பார்க்கிறது, ஹேண்டில் பசறையைப் பார்க்கிறது. முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு திருகித் திருகி நேராக்கினார். ஆனாலும் ஹேண்டிலின் இடப்பக்கம் ஆட்டுக் கொம்பு மாதிரி மேலே வளைந்தே நின்றது. பக்கத்து இரும்புக் கடை மர்ஸூக் நானா, வளைஞ்சத நிமித்தாதீங்க, கொழும்புக்கு எழுதிப் புதுசு எடுப்போம் என்று எவ்வளவோ சொன்னார். இவர் கேட்டால்தானே. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையையே அடிக்கிற கொல்லனுக்கு இந்தக் குழாய் ஒரு வேலையா என்று கழற்றிக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போய், நெருப்பில் காய்ச்சி அடித்து நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார். பார்க்க நேராகத்தான் இருந்தது. அன்று முழுக்க அவர் பெருமை தாங்க முடியவில்லை.

வண்டியில் பூட்டுவதற்கு முன்னால் கரியைத் துடைத்துத் தா என்றார். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, அடுப்படிப் பலகையில் வைத்துவிட்டு இடியப்ப மாவு அரித்துக்கொண்டிருந்தேன். பறந்த மாவு அதன்மேல் படிந்தது. ஊதித் தள்ளலாம் என்று குனிந்தால், வளைந்திருந்த இடத்தில் மாவு நனைந்து மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. துடைத்தேன், மறுபடி மாவைத் தூவினேன், மறுபடியும் அதே கோடு. வெடிப்புக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் கசிகிறது. கூப்பிட்டுக் காட்டினேன். ஒனக்கு எல்லாத்துலயும் குத்தம் என்று சொல்லிக்கொண்டே முழங்காலில் வைத்து அமுக்கினார். முருங்கைக் கொப்பு மாதிரி படக்கென்று இரண்டாகிவிட்டது மகளே.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்ல ஊர் மலை வளைவில் இது உடைந்திருந்தால் பக்கத்தில் பள்ளம் எவ்வளவு என்று நீயே அறிவாய். இதுலயா எம் புள்ளய ஏத்திட்டு வர இருந்தேன் என்று கேட்டவர், குழந்தை மாதிரி அழுதார். மௌத்து நடந்த வீட்டில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

புது ஹேண்டில் மெதுவாக வரட்டும், மருமகன் அதற்காகக் கொழும்பில் அலைய வேண்டாம். உனக்கு வண்டிக்கார மொஹிதீனின் கூண்டு மாட்டு வண்டியைப் பேசியிருக்கிறோம், வைக்கோல் நிறையப் பரப்பச் சொல்லியிருக்கிறேன். ரயிலில் வெறும் வயிற்றோடு இருக்காதே, நானுஓயாவில் குளிரும், சால்வையை மேலே எடுத்து வை. அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இறக்கங்களில் மாடுகளின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு, பதுளை வரைக்கும் நடந்தே வருவேன் என்று வாப்பா பிடிவாதமாக இருக்கிறார். முழங்கால் இன்னும் ஆறவில்லை. நான் சொன்னால் ஏற மாட்டார். பக்கத்தில் வந்து உட்காருங்க வாப்பா, எனக்குப் பயமாயிருக்கு என்று நீ சொல், ஏறிவிடுவார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் உம்மா,
ரஹ்மத்தும்மா