ஒருவரைத் தவிர

1983 அக்டோபர் 12, புதன்

முட்டைக்கோஸை உப்பில் போட்டு முடித்தேன். கை எரிகிறது. கணவன் ஆர்சேனி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் எக்ஸ்ரே படத்தைச் சமையலறை விளக்கில் தூக்கிப் பிடித்தான். புதுப் பாலத்தின் உத்தரம். வெல்டிங் செய்த இடத்தில் மயிரிழையாக ஒரு கோடு.

"இது ஒண்ணுதானா?" என்றேன்.

"பார்த்ததுல பாதி இப்படித்தான் இருக்கு. கடுங்குளிர் வந்தா இரும்பு கண்ணாடி மாதிரி உடையும், ரிம்மா."

வெல்டிங் சோதனை அவன் பொறுப்பு. கஞ்சியைத் தொடவில்லை.

அக்டோபர் 17

வெட்டியெடுத்து மறுபடி செய்ய வசந்தம் வரை ஆகுமாம். ஆனால் நவம்பர் ஏழு, புரட்சி விழாவன்று பாலம் திறந்தாக வேண்டும். ஆர்சேனி கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். முதலில் மூக்குக் கண்ணாடியை மாற்று என்று கட்டுமானத் தலைவர் சிரித்தாராம்.

அக்டோபர் 20

தூக்கமில்லை. ஆஸ்யாவின் நர்ஸ் பள்ளி அக்கரையில். ஆறு உறைந்து படகு நின்றுவிட்டால் என் மகளுக்கும் அந்தப் பாலம்தான்.

நவம்பர் 4

விழாவன்று நான் ரேடியோவில் வாசிக்க வேண்டிய செய்தியை நிலைய ஆசிரியர் வலேரியன் லூகிச் என்னிடம் கொடுத்தார். 'பொறியாளர்கள் அனைவரும் ஒருமனதாகப் பாலத்தை ஏற்றுக்கொண்டனர்.' ஒருவர் ஏற்கவில்லையே என்றேன்.

"ரிம்மா ஒசிப்போவ்னா, நீங்க இந்த ஊரோட குரல். யோசிக்கிற வேலைய எங்களுக்கு விட்டுடுங்க."

வீட்டில் சொன்னால் ஆர்சேனியும், "வாசிச்சிடு. இது என் சண்டை" என்கிறான். அவன் சண்டையாம். அப்போ ஆஸ்யா யாரு? நான் யாரு?

நவம்பர் 7

நேரடி ஒலிபரப்பு. எல்லாச் சமையலறைகளிலும் ரேடியோ பாடிக்கொண்டிருந்திருக்கும். 'அனைவரும்' என்று வாசித்தேன். பிறகு, 'ஒருவரைத் தவிர' — வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாகவா? இல்லை. காலையிலிருந்தே நாக்கில் வைத்திருந்தேன்.

உடனே அணிவகுப்பு இசையைப் போட்டுவிட்டார்கள். வலேரியன் லூகிச் சுண்ணாம்பு முகத்தோடு ஓடிவந்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பாலத்தை எப்படியும் திறந்துவிட்டார்கள்.

நவம்பர் 9

ஒலிநாடா அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசி தட்டும் வேலை. அது போகட்டும். ஆர்சேனி சொன்னதுதான் —

"உன்னை யாரு கேட்டா? இத்தனை நாள் நான் சொன்னது கணக்கு. இனிமே அது பொண்டாட்டி பேச்சுன்னு தள்ளிடுவாங்க."

அதற்குப் பின் பேசவில்லை. அவன் சொல்வதும் சரிதானோ? அப்படியென்றால் நான் என்ன சாதித்தேன்?

நவம்பர் 25

பேச்சில்லை. தட்டை வைக்கிறேன், சாப்பிடுகிறான்.

டிசம்பர் 6

ஆஸ்யா சிரித்துக்கொண்டே வந்தாள். பேருந்து ஓட்டுநர்கள் பாலத்துக்கு முன்னால் எல்லாரையும் இறக்கிவிடுகிறார்களாம். "ரேடியோல அந்தம்மா சொன்னது காதுல விழலையா? இறங்கி நடங்க." வண்டி காலியாகப் போகிறது, சனங்கள் பின்னால் பனியில் நடந்து போய் அக்கரையில் ஏறிக்கொள்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. ஆர்சேனி கேட்டுக்கொண்டிருந்தான். பத்திரிகையைப் புரட்டினான், படிக்கவில்லை.

1984 ஜனவரி 17

கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். காலையில் பீரங்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம், ஜன்னல் அதிர்ந்தது. ஆர்சேனி தொப்பிகூடப் போடாமல் ஓடினான். நானும் ஓடினேன். ஆஸ்யா ஆஸ்யா ஆஸ்யா — வேறொன்றும் தலையில் இல்லை.

உத்தரம் பிளந்து பாலம் நடுவில் தொங்கியது. அதன் மேல் காலிப் பேருந்து ஒன்று சாய்ந்து நின்றது. ஓட்டுநர் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். அவர் இறக்கிவிட்ட பயணிகள் இன்னும் கரையிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஆஸ்யா, கையுறையைக் கடித்துக்கொண்டு.

தொழில்நுட்பக் காரணங்களால் பாலம் மூடல் என்று மதியம் ரேடியோவில் என் இடத்துக்கு வந்த பெண் வாசித்தாள். பிறகு மாஸ்கோவிலிருந்து வந்த பொறியாளர்களின் கார் ஆர்சேனியை அழைத்துப் போனது.

மாலையில் திரும்பினான். ஆஸ்யா தூங்கிவிட்டாள். நான் சூப்பை அடுப்பில் வைத்தேன். அவன் முக்காலியில் உட்கார்ந்து, எந்த உத்தரத்தை வெட்ட வேண்டும், எதைக் காப்பாற்றலாம், மாஸ்கோக்காரர்கள் எங்கே முரண்டு பிடித்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். என்னிடம்தான். நடுவில், "நீ என்ன நினைக்கிற?" என்றுகூடக் கேட்டான்.

சூப் வற்றிக்கொண்டிருந்தது. இறக்க எழுந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.